மலையிறங்க எத்தனை பணம்?

மலை ஏறுகிறவனுக்குத்தான் செலவும் சிரமமும்; இறங்குகிறவனுக்கு என்ன கேடு, காலை எடுத்து வைத்தால் மலையே இறக்கி விட்டுவிடும் என்றுதான் நாம் எண்ணிக் கொண்டிருக்கிறோம். மேனாடுகளில் விஷயம் அப்படி இல்லை. அங்கே ஏறுவது மலிவு. கம்பிவடத்தில் தொங்கும் பெட்டியில் உட்கார்ந்து சீட்டு வாங்கிக் கொண்டு ஏறிவிடலாம். இறங்குவதற்குத்தான் எட்டாயிரம் பவுன் வேண்டுமாம்! அதுவும் சைக்கிளில் இறங்குவதற்கு.

'டவுன்ஹில்' என்று அந்த விளையாட்டுக்குப் பெயர். பாறையும் மரவேரும் சேறும் நிறைந்த செங்குத்தான தடத்தில், ஒவ்வொருவராக, கடிகாரத்தோடு போட்டி போட்டுக் கொண்டு சைக்கிளில் பாய்ந்து வருகிறார்கள். தலை முதல் தாடை வரை மூடிய கவசம். முழங்காலுக்கும் முதுகுக்கும் தனிக் கவசங்கள். வண்டியும் நாம் கடைக்குப் போய் வரும் சைக்கிள் இல்லை. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க் மோட்டார் சைக்கிளில் உள்ளது போல ஹாண்டில் பாருக்கு அடியில் இரண்டு இடத்தில் கவ்வியிருக்கும். முன்னும் பின்னும் 200 மில்லிமீட்டர் வரை அமுங்கி எழும் ஷாக் அப்ஸார்பர்கள். எடை பதினைந்து, பதினேழு கிலோ. இதில் மேட்டில் ஏற முயன்றால் மூச்சு முட்டும். இறங்குவதற்கென்றே பிறந்த யந்திரம்.

நாவல் எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கிளாஸ்கோவில் படித்துக் கொண்டே ஓர் ஓட்டலில் மாலை வேலை பார்க்கும் என் அக்காள் மகன் இந்தப் பைத்தியத்தில் சிக்கிக் கொண்டிருக்கிறான். 1,500 பவுன் சேர்த்து வைத்திருக்கிறானாம். "மாமா, எந்த வண்டி வாங்குவது?" என்று எழுதியிருந்தான். கேள்வி என்னிடம் வருவதற்கு முன்பே மூன்று பேர் அவனுக்குப் புத்தி சொல்லியாகிவிட்டது. கடைக்காரர் ஒருவர், கூடப் படிக்கும் நண்பன் ஒருவன், விளையாட்டில் பழம் தின்று கொட்டை போட்ட பெரியவர் ஒருவர். அந்த மூவர் சொன்னதையும் படித்த பிறகு எனக்கு வந்த கோபத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் அந்த மூவரும் சைக்கிள் உலகத்தில் மட்டும் இருப்பவர்கள் அல்லர். வீடு, கார், காமிரா, மகளுக்குக் கல்யாணம், எதை வாங்கப் போனாலும் வாசலில் நிற்கிறவர்கள்.

பெரியவரை முதலில் பார்ப்போம். அவர் சொன்னது இதுதான்: "தம்பி, இது பணக்காரர் விளையாட்டு. 1,500 பவுனை வைத்துக் கொண்டு இதில் இறங்காதே." எவ்வளவு அக்கறை! ஆனால் இந்த விளையாட்டு பிறந்த கதை அவருக்குத் தெரியாமல் இருக்க நியாயமில்லை. 1976-ஆம் வருஷம் அக்டோபர் மாதம், கலிபோர்னியாவில் மரின் வட்டாரத்தில், பேர்பாக்ஸ் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு மலைப்பாதையில் சில வாலிபர்கள் போட்டி வைத்துக் கொண்டார்கள். சார்லி கெல்லி என்பவர் அதை நடத்தினார். பாதை இரண்டு மைல் சொச்சம். இறக்கம் 1,300 அடி. அவர்கள் ஓட்டியது என்ன வண்டி? முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் செய்த ஷ்வின் எக்ஸெல்ஸியர் போன்ற கனத்த, தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்கள். அமெரிக்கப் பையன்கள் பத்திரிகை போடுவதற்கு ஓட்டிவிட்டுக் கொட்டகையில் எறிந்தவை. பழைய இரும்பு விலைக்குக் கிடைத்தவை.

அந்த வண்டிகளுக்குப் பிரேக் பின் சக்கரத்தின் ஹப்புக்குள்ளே இருந்தது. பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும். ஒருமுறை இறங்கினால் ஹப்பிலிருந்த கிரீஸ் உருகிப் புகையாய்ப் போய்விடும். மறுபடி ஓட்டுவதற்கு முன் ஹப்பைப் பிரித்துப் புதிதாய்க் கிரீஸ் அடைக்க வேண்டும். மறுபடி அடைப்பதற்கு ஆங்கிலத்தில் 'ரீபாக்'. அந்தப் பாதைக்கே 'ரீபாக்' என்று பெயர் நிலைத்து விட்டது. காரி பிஷர் என்பவர் அதில் நாலு நிமிஷம் 22 விநாடியில் இறங்கினார். ஜோ பிரீஸ் 1977-ல் அந்த மலைக்கென்றே புதிதாக ஒரு வண்டியை வடித்துக் கட்டினார். டாம் ரிட்சி கட்டிய பிரேம்களைக் கொண்டு பிஷரும் கெல்லியும் 1979-ல் வியாபாரம் தொடங்கினார்கள். இன்று உலகம் முழுவதும் மலைச் சைக்கிள் என்று விற்கும் அத்தனைக்கும் மூலபுருஷர்கள் இவர்கள். குப்பையில் பொறுக்கிய சைக்கிளில் பிறந்த குழந்தையைக் காட்டி, "இது பணக்காரர் வீட்டுப் பிள்ளை, தொடாதே" என்றால் எப்படி?

அதற்காக, குப்பைச் சைக்கிளே போதும் என்று நான் வாதாட வரவில்லை. அவன் இறங்கப் போவது ஸ்காட்லாந்தில் போர்ட் வில்லியம் அருகே உள்ள மலைத் தடம். உலகக் கோப்பைப் போட்டிகளும், 2007-லும் 2023-லும் உலகச் சாம்பியன் போட்டிகளும் நடந்த தடம். நீளம் சுமார் 2.8 கிலோமீட்டர், இறக்கம் 555 மீட்டர். நல்ல வீரர்கள் நாலரை, ஐந்து நிமிஷத்தில் இறங்குகிறார்கள். இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கவசங்களோடு ஆள் 75 கிலோ, வண்டி 17 கிலோ, மொத்தம் 92. இத்தனை கனம் 555 மீட்டர் கீழே வரும்போது வெளிப்படும் சக்தி சுமார் ஐந்து லட்சம் ஜூல். ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைக்கப் போதும்! காற்றும் டயரும் ஷாக் அப்ஸார்பரும் அதில் ஒரு பங்கைத் தின்னும். மிச்சம் முழுவதும் பிரேக்கின் தலையில்தான் விடிகிறது. மரின் வாலிபர்களின் கிரீஸ் ஏன் புகைந்தது என்று இப்போது புரிகிறதல்லவா?

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக் கொண்டு நண்பனின் யோசனைக்கு வாருங்கள். பெரிய பண்டக சாலைகளில் முந்நூறு, நானூறு பவுனுக்கு முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த சைக்கிள் கிடைக்கிறதாம். பார்ப்பதற்கு அதே போலத்தான் இருக்கிறதாம். மிச்சப் பணத்தில் ஊர் சுற்றலாமாம். பார்ப்பதற்கு அதே போலத்தான் இருக்கும். அப்படி இருக்க வேண்டும் என்றுதானே செய்கிறார்கள்! தடித்த குழாய், சிவப்பும் கறுப்புமாய்ப் பெயிண்ட், மின்னலும் புலி நகமும் போட்ட எழுத்து. பின் சக்கரத்தருகே கியர் மாற்றும் கருவி மட்டும் கொஞ்சம் உயர்ந்த ரகம். கடையில் வாங்குகிறவன் கண் முதலில் அங்கே போகும் என்று வியாபாரிக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஹப், பேரிங், பிரேக்கின் உள் அவயவங்கள் எல்லாம் எந்த ரகமோ ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். முகூர்த்தப் பட்டில் முந்தானையில் மட்டும் சரிகை வைத்து உடம்பைப் பருத்தியில் நெய்த கதை.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. இப்படிப்பட்ட வண்டிகள் பலவற்றின் பிரேமிலோ, கூட வரும் கைப்புத்தகத்திலோ, பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை அச்சடித்திருக்கிறார்கள். கரடுமுரடான பாதையில் ஓட்டவோ தாண்டிக் குதிக்கவோ இது உகந்ததல்ல என்பது அதன் சாரம். மலைச் சைக்கிள் மாதிரி வேஷம். மலைக்கு உதவாது என்று வாக்குமூலம்! எழுதினவர்கள் சட்டத்துக்குப் பயந்து எழுதியிருக்கிறார்கள். படிக்காமல் விட்டவனின் கழுத்தெலும்புக்கு அவர்கள் பொறுப்பாளிகள் அல்லர்.

அமெரிக்கத் தர நிர்ணயத்தில் சைக்கிள்களை ஒன்று முதல் ஐந்து வரை வகுத்திருக்கிறார்கள். ஒன்று என்றால் தார் ரோட்டுக்கு. மூன்று என்றால் சக்கரம் 61 செ.மீ. உயரத்திலிருந்து விழலாம், நான்கு என்றால் 122 செ.மீ. ஐந்தாவதுதான் பெரும் தாண்டலுக்கும் மலையிறக்கத்துக்கும். நாணயமான கம்பெனிகள் இந்த எண்ணை வண்டியிலோ புத்தகத்திலோ போட்டிருக்கும். பெயிண்ட்டைப் பார்ப்பதை விட்டு இந்த எண்ணைப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். நண்பன் அதைப் பார்த்தானா? இல்லை. விலையைப் பார்த்தான். ஏழைக்கு மலிவானது போதும் என்ற எண்ணம் சில சமயம் ஏழையிடமே அதிகமாய் இருக்கிறது, அதுதான் வருத்தம்.

கடைக்காரர் இவர்களைவிட மரியாதைக்காரர். புதிய டவுன்ஹில் வண்டி பெரும்பாலும் மூவாயிரம் பவுனுக்கு மேல்தான் என்று உண்மையைச் சொன்னார். 1,500-ஐ முன்பணமாய்க் கட்டிவிட்டு மிச்சத்தை மாதத் தவணையில் தீர்க்கலாம் என்றார். பழைய வண்டி பக்கம் போகாதே, 26 அங்குலச் சக்கரம் செத்துப் போய்விட்டது, 27.5-ம் போய்விட்டது, இப்போது முன்னால் 29, பின்னால் 27.5 என்பதுதான் மோஸ்தர் என்றார்.

இந்த மோஸ்தர் விவகாரத்தைச் சற்று விசாரிக்க வேண்டியிருக்கிறது. ஆதியில் மலைச் சைக்கிளுக்குச் சக்கரம் 26 அங்குலம். மரின் வாலிபர்களின் பழைய சைக்கிள்களுக்கு அந்த அளவு இருந்தது என்பதைத் தவிர அதற்குப் பெரிய சாஸ்திரம் ஒன்றும் கிடையாது. 2014 வாக்கில் 27.5 அங்குலம் வந்து அதை ஒதுக்கியது. 2017-ல் உலகக் கோப்பையில் 29 அங்குலம் புகுந்தது. அந்த வருஷம் போர்ட் வில்லியத்திலேயே கிரெக் மின்னார் அதில் ஜெயித்தார். பிறகு இரண்டையும் கலந்து கட்டினார்கள். சக்கரத்தோடு ஹப்பின் அகலம் மாறியது, அச்சின் பருமன் மாறியது, போர்க்கின் கழுத்துக் குழாய் மாறியது. ஒன்றின் சாமான் மற்றொன்றுக்குச் சேராது. பெரிய சக்கரம் பள்ளத்தில் சிக்காமல் உருண்டு போகிறது என்பது மெய்தான். அதை நான் மறுக்கவில்லை. விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குப் பரிசு கொடுக்கும் இடத்தில் அது பெரிய விஷயம். நம் பையன் பரிசுக்கா ஓட்டப் போகிறான்? எலும்பு முறியாமல் கீழே வந்து, மறுபடியும் மேலே போக ஆசைப்பட்டால் அதுவே அவனுக்கு வெற்றி.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே மின்னார் 2012-ல் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் உலகச் சாம்பியன் ஆனது 26 அங்குலச் சக்கரத்தில். 2011-லும் 2012-லும் உலகக் கோப்பையை ஏரன் க்வின் எடுத்ததும் 26 அங்குலத்தில்தான். உலகத்தில் முதல் மனிதனுக்குப் போதுமாயிருந்த வண்டி, சில வருஷம் கழிந்ததும் ஓட்டல் வேலை பார்க்கும் மாணவனுக்குப் போதாததாகிவிட்டதா? மலை மாறிவிட்டதா, பாறை மாறிவிட்டதா? விலைப் பட்டியல்தான் மாறியிருக்கிறது.

க்வின் பேச்சு வந்ததால் அவரைப் பற்றி ஒரு வேடிக்கை. 2015-ல் லியோகாங் உலகக் கோப்பையில் புறப்பட்ட இடத்திலேயே அவருடைய செயின் அறுந்து போயிற்று. மிதிக்க வழியில்லை. மனிதர் மலையின் சரிவையும் உடம்பின் வளைவையும் மட்டும் நம்பி இறங்கி, அன்றைக்கு முதலாவதாக வந்தார்! கியருக்காகவும் செயினுக்காகவும் ஆயிரக்கணக்கில் கொடுக்கச் சொல்லும் விற்பனையாளரை இனி எங்கே பார்த்தாலும் இந்தக் கதையைச் சொல்லுங்கள். செயின் இல்லாமல் இறங்கலாம். பிரேக் இல்லாமல் இறங்க முடியுமா என்று அவரையே கேளுங்கள்.

ஆகவே என் கட்சி இது. அவன் வாங்க வேண்டியது 2014-க்கும் 2018-க்கும் இடைப்பட்ட, ஐந்தாம் வகுப்பைச் சேர்ந்த, பெயர் பெற்ற கம்பெனி செய்த, 27.5 அங்குலச் சக்கரமுள்ள பழைய வண்டி. 26 அங்குலம் இன்னும் மலிவு. ஆனால் அந்த அளவில் நல்ல டவுன்ஹில் டயர் தேடி அலைய வேண்டி வரும். 27.5-க்கு அந்தத் தொல்லை குறைவு, மோஸ்தர் போய்விட்டதால் விலையும் சரிந்திருக்கிறது. கைப்பணத்தில் ஆயிரத்துக்கு மேல் வண்டிக்குப் போகக் கூடாது.

பழையது என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதில்லை. பெண் பார்க்கப் போகிறவர்கள் பாட்டுப் பாடச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்களே, அப்படியும் இல்லை. முதலில் வண்டியைக் கழுவச் சொல்ல வேண்டும். சேறு பல பாவங்களை மறைக்கும். பிறகு ஹாண்டில் பாருக்குக் கீழே பிரேம் கூடும் இடம், பெடல் அச்சைச் சுற்றியுள்ள இடம், பின்புறம் அசையும் மூட்டுகள், இந்த ஒட்டுகளில் தலைமயிர் போல் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். போர்க்கின் வழவழப்பான குழாய்களை நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். நகம் இடறினால் அங்கே கோடு விழுந்திருக்கிறது. அந்தக் கோடு ரப்பர் வளையத்தை அறுத்து எண்ணெயைக் கசிய விடும். பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் லொடலொடவென்று சத்தம் வந்தால் பேரிங் தேய்ந்தது. அது மாற்றக் கூடியதுதான், விலையில் கழித்துக் கொள்ளலாம். பிரேமில் கீறல் இருந்தால் பேரமே வேண்டாம், எழுந்து வந்துவிட வேண்டும். கார்பன் பிரேமில் உள்காயம் வெளியே தெரியாமல் இருக்கும். அடிபட்ட வண்டியா என்று விற்கிறவன் சொல்லித்தான் நமக்குத் தெரியும். பழையதில் அலுமினியமே நல்லது. பெடல் அச்சின் அடியில் வண்டியின் எண் பொறித்திருக்கும். அது சுரண்டப்பட்டிருந்தால் திருட்டு வண்டி என்று அர்த்தம். எத்தனை மலிவானாலும் நமக்கு வேண்டாம்.

மிச்சமிருக்கும் ஐந்நூறைப் பற்றித்தான் கடைக்காரரும் நண்பனும் பெரியவரும் வாயே திறக்கவில்லை. அதில் இருநூறு வரை தலைக்கவசத்துக்கு. அதைப் பழையதாய் வாங்கக் கூடாது. ஒருமுறை அடிபட்ட கவசம் இரண்டாவது அடியைத் தாங்காது, அடிபட்டதா என்பதும் வெளியே தெரியாது. தாடையை மூடுவதாக இருக்க வேண்டும். மலையிறக்கத்துக்கென்றே எப்.1952 என்று ஓர் அமெரிக்கத் தரம் இருக்கிறது. தாடைப் பகுதியையும் அடித்துச் சோதிக்கும் தரம் அது. சாதாரணச் சைக்கிள் கவசத்துக்கான ஐரோப்பியத் தரத்தில் அந்தச் சோதனை கிடையாது. வண்டிக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டுத் தலைக்கு மலிவாகத் தேடுகிறவர்களைப் பார்த்தால், கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவார்களா என்ற நம் பழமொழிதான் ஞாபகம் வருகிறது.

பிறகு டயர். டவுன்ஹில் டயர் என்று தனியாக, சுவர் இரட்டிப்பாக நெய்தது, ஒன்று ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ளது, கிடைக்கிறது. மெல்லிய டயரைப் பாறை முனை கிழித்துவிடும். பிரேக்குக்குப் புதுக் கட்டைகள், புது எண்ணெய். பிரேக் தட்டு 200 மி.மீ. அளவுக்குக் குறைந்திருந்தால் பெரிதாக மாற்ற வேண்டும். முழங்கால் கவசம், கையுறை. போர்க்கைப் பிரித்து எண்ணெய் மாற்றிப் போடும் கூலி. ஐந்நூறு இதிலேயே தீர்ந்துவிடும். தீரட்டும். பணம் தீர வேண்டிய இடம் அது.

தவணையைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று வருஷத் தவணையில் புது வண்டி வாங்கினால், கடன் தீர்வதற்குள் கம்பெனிக்காரர்கள் இன்னொரு சக்கரம் கண்டுபிடித்திருப்பார்கள். அதே கடைக்காரர் அதே வாயால் இவனுடைய வண்டி செத்துப் போய்விட்டது என்பார். வண்டிக்கு மட்டும் கடன் வாங்கிவிட்டுக் கம்பிவடச் சீட்டுக்கு என்ன செய்வது? ஒவ்வொரு முறை மலைக்குப் போகும்போதும் நாள் சீட்டு, கிளாஸ்கோவிலிருந்து போகிற வரச் செலவு, இரவு தங்கல். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றார்கள்; இங்கே சுண்டைக்காயே மூவாயிரம் பவுன்! கடனில் மூழ்கியவன் மலைக்கே போக மாட்டான். வண்டி அறையில் சுவரோரம் பளபளவென்று நிற்கும். தவணை மட்டும் தவறாமல் போய்க் கொண்டிருக்கும்.

கம்பிவட வசதி அருகில் இல்லாதவன், தானே மிதித்து ஏற வேண்டியவன், டவுன்ஹில் வண்டியே வாங்கக் கூடாது. அவனுக்கு 160, 170 மி.மீ. அமுங்கும் 'எண்டூரோ' ரகம் இருக்கிறது. அதில் ஏறவும் இறங்கவும் செய்யலாம். இவனுக்கு அந்தக் கவலை இல்லை.

"பழைய வண்டியோடு போனால் மற்றவர்கள் சிரிப்பார்களே மாமா" என்று அடுத்த கடிதத்தில் எழுதியிருக்கிறான். அதற்கு நான் பதில் எழுதவில்லை. அதற்குப் பதிலாக அவன் எடை எவ்வளவு என்று கேட்டு எழுதினேன். பின் ஷாக் அப்ஸார்பரில் இரும்பு ஸ்பிரிங் இருந்தால் அது ஓட்டுகிறவனின் எடைக்குத் தக்கதாக இருக்க வேண்டும். தொண்ணூறு கிலோ ஆசாமி ஓட்டிய வண்டியை அறுபது கிலோ ஆசாமி வாங்கினால் ஸ்பிரிங் அமுங்கவே அமுங்காது. கட்டைவண்டியில் போவது போல இருக்கும். ஸ்பிரிங்கின் மேலேயே அதன் பலம் எண்ணாகப் பொறித்திருக்கும். அதைப் பார்த்து, தன் எடைக்குப் பொருந்தாவிட்டால், விலை பேசும்போதே வேறு ஸ்பிரிங்குக்கும் சேர்த்துக் குறைத்துக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.